பழைய ஸ்போர்ட்ஸ் காரை டிராக்கிற்குத் தயார் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: செய்யாத வேலைக்கு நான் கட்டிய பணம்

2024 ஜூலையில் ஒரு நாள், இங்கிலாந்தின் டானிங்டன் பார்க் பந்தயத் தடத்தில், நேர்ப்பாதையைக் கடந்து ரெட்கேட் என்னும் வலப்புற வளைவை நெருங்கி பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரை வரை போயிற்று. மணிக்கு 90 மைல் வேகத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த கார் அது. பெடலை விட்டுவிட்டு மூன்று முறை அழுத்தி மிதித்ததில் கடைசி நேரத்தில் சிறிது பிடிமானம் கிடைத்தது. வளைவுக்கு வெளியே இருந்த சரளைப் படுகையில் கார் புதைந்து நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான், அந்தக் காரின் பிரேக்குகளை டிராக்கிற்கு ஏற்றவாறு முழுமையாகச் செய்து முடித்துவிட்டதாகச் சொல்லி ஒரு பட்டறை என்னிடம் பணம் வாங்கியிருந்தது.

அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்தெந்த வேலைகளைச் செய்யாமலேயே செய்ததாகக் கணக்குக் காட்டினார்கள், அவற்றை எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பதை விவரமாக எழுதினால், இதே போன்ற காரை வைத்திருக்கும் வேறு ஒருவருக்குப் பயன்படும்.

கார் 1991ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எடை குறைவென்பதால் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேய்வதில்லை, உதிரிபாகங்களும் எளிதில் கிடைக்கும் என்பதால் பிரிட்டனில் டிராக் டேக்குச் செல்பவர்கள் பலர் இந்தக் காரில்தான் தொடங்குகிறார்கள். டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்; பந்தயம் அல்ல. நேரம் கணக்கிடுவதில்லை, முன்னால் செல்பவர் இடம் விட்டால்தான் முந்தலாம். ஆனாலும் ஒரு முழு நாள் தெருவில் ஓட்டும்போது பிரேக் தாங்கும் சூட்டை அங்கே இரண்டு சுற்றுகளிலேயே தாங்க வேண்டும். முப்பது வயதைக் கடந்த காரில் ரப்பரும் போல்ட்டும் தகடும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் நானே கை வைக்காமல் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுத்தேன்.

2024 ஜனவரியில் பேசி முடித்தது இவ்வளவு: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்க கிராங்க் சீல், நான்கு சக்கரத்திற்கும் பிரேக் பேட், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயில், புதிய ஷாக் அப்சார்பர்கள், அதன்பின் நான்கு சக்கர அலைன்மென்ட், ரோல் பார், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் துருப்பிடித்த இடங்களை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங். மொத்தம் 3,200 பவுண்டு, மூன்று வாரம் என்று மின்னஞ்சலில் எழுதினார்கள். முன்பணமாக 1,500 பவுண்டை வங்கி வழியாக அனுப்பினேன். மூன்று வாரம் நான்கு மாதமாயிற்று. ஒவ்வொரு முறை கேட்டபோதும் ஒரு காரணம்: உதிரிபாகம் வரவில்லை, வெல்டர் விடுப்பில் இருக்கிறார், லிஃப்ட் பழுதாகிவிட்டது. மே மாத இறுதியில் வந்த பில் 4,780 பவுண்டு. கூடுதல் தொகைக்கு என்னிடம் முன்கூட்டியே யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

மீதிப் பணம் கைக்கு வராமல் சாவி தர மாட்டேன் என்றார் உரிமையாளர். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பழுது பார்த்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இங்கிலாந்துச் சட்டத்தில் பட்டறைக்கு இருக்கிறது. ஆகவே சண்டை போட்டு வண்டியை எடுத்துவிட முடியாது. ஆட்சேபத்தோடுதான் பணம் கட்டுகிறேன் என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டுக் கட்டலாம். நான் அதை மின்னஞ்சலில் எழுதினேன். பின்னால் அது மிகவும் உதவியது. செய்த தவறு, கிரெடிட் கார்டைத் தொடாமல் எல்லாவற்றையும் வங்கி வழியாகவும் டெபிட் கார்டிலும் செலுத்தியது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வேலைக்கு ஒரு சிறு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு கொடுத்த நிறுவனத்தையும் பொறுப்பாக்கியிருக்கலாம்.

சரளையிலிருந்து இழுத்து வந்த காரை வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். வயதானவர், தனி ஆளாக வேலை செய்பவர். பானெட்டைத் திறந்ததும் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்து, ஆயில் புதிதாகத்தானே இருக்கிறது என்றார். உண்மைதான்; தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. முன் சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பரின் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தபோது வந்தது கருப்பட்டிக் காப்பியின் நிறம். கொதிநிலையை அளக்கும் கருவியில் வைத்தார்; 160 டிகிரியைத் தாண்டவில்லை. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்தத் தர அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எனக்கு பில்லில் எழுதியிருந்ததோ 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய ஆயில். நடந்தது இதுதான்: டப்பாவில் இருந்த பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே மட்டும் புதிய ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். குழாய்களிலும் காலிப்பர்களிலும் இருந்த பழைய ஆயில் அப்படியே இருந்தது. அது சூட்டில் கொதித்து ஆவியானது. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். ஆகவே என் கால் ஆவியைத்தான் நசுக்கியது. பின்சக்கர நிப்பிள்களின் மேல் படிந்திருந்த துருவும் மண்ணும் கலையவே இல்லை. அவற்றின் மேல் ஸ்பேனர் பட்ட சுவடு எங்கும் இல்லை. பேட் மட்டும் மாற்றியிருந்தார்கள். சக்கர ஓட்டை வழியாகப் பார்த்தாலே தெரிவது அது ஒன்றுதானே.

அன்று மாலையே மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட முடிவு செய்தோம்.

அலைன்மென்ட்டுக்கு 140 பவுண்டு வாங்கியிருந்தார்கள், பச்சை நிற எண்கள் அச்சிட்ட ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். இந்தக் காரில் சக்கரக் கோணங்களை மாற்றுவது பெரும்பாலும், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டுகளைத் திருப்பித்தான். ஒரு சக்கரத்திற்கு இரண்டு வீதம் எட்டு. பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவதால், இந்த போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் காட்டினார். அளவுக் கோடுகள் உள்ள வாஷரின் விளிம்பிலிருந்து கீழ்க்கைகள் பொருந்தும் சட்டமான சப்ஃபிரேம் வரை, பழைய கறுப்புப் பூச்சும் அதன்மேல் துருவும் ஒரே படலமாகப் படிந்திருந்தன. போல்ட்டை இம்மியளவு திருப்பியிருந்தாலும் அந்தப் படலத்தில் விரிசல் விழுந்திருக்கும். முடி அளவு விரிசல்கூட இல்லை. நீண்ட கைப்பிடி போட்டுத் திருகியும் எட்டில் ஆறு அசையவே இல்லை. பின்னர் அவற்றை அறுத்தெடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போட ஒன்றரை நாள் பிடித்தது. அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வண்டி எண் இல்லை, சரிசெய்வதற்கு முந்தைய அளவுகளுக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. வாங்கிய அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

சில் வேலைக்கு 680 பவுண்டு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் துணிக்கூரையின் மழைநீர் வடியும் குழாய் இலைதழையால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் சில்லுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். அந்த இடத்தில் புதுப் பெயின்ட் பளபளத்தது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தைக் கதவின் அடியில் வைத்தால் ஒட்டியது. பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கையிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பட்டி. திருப்புளியால் குத்தியதும் அலுமினிய வலை தெரிந்தது, அதற்குப் பின்னால் ஈரத் துரு. வெல்டிங் என்று எழுதி வாங்கிய பணத்துக்குப் பட்டி பூசி மேலே கறுப்பு ரப்பர் பூச்சு அடித்திருந்தார்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையில் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று நண்பர்கள் கேட்டார்கள். சோதனை அதிகாரி எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை, பூச்சை அகற்றிப் பார்ப்பதுமில்லை. ஆனால் எந்தக் காரின் பழைய எம்ஓடி பதிவுகளையும் அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். என் காரில் அதே இடத்தில் துரு இருப்பதாக முன்பே இரண்டு முறை எழுதியிருந்தார்கள்.

ரோல் பாரைப் பற்றி எழுதவே எனக்கு மனம் பதறுகிறது. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க வேண்டிய கம்பி அது. கூரையில்லாத கார்களுக்கு அது வேண்டும் என்று டிராக் டே நடத்தும் அமைப்பாளர்கள் பலர் கேட்கிறார்கள். போல்ட்டுகளுக்கு அடியில் வைக்கவேண்டிய தடித்த பட்டைகள் இரண்டு வைக்கப்படவே இல்லை, மெல்லிய தகட்டில் சிறு வாஷரோடு முறுக்கியிருந்தார்கள். அப்பட்டைகள் ரோல் பார் வந்த பெட்டியிலேயே இருந்தன. அந்தப் பெட்டியை என் காரின் டிக்கியில் அவர்களே வைத்து அனுப்பியிருந்தார்கள்.

கடைசியாக எஞ்சின். 1990, 1991ஆம் ஆண்டுகளின் தொடக்க கால எஞ்சின்களில் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையானது. புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னாளில் வந்த நீள மூக்கு என்று அடையாளம் காண்பார்கள். குட்டை மூக்கில் நடு போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்காவிட்டால், பல்சக்கரம் மெல்ல ஆடத் தொடங்கி, அதை நிறுத்திப் பிடித்திருக்கும் சிறு கீயையும் அதன் காடியையும் தேய்த்துவிடும். கிராங்க் சீல் மாற்ற அந்த போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகஸ்டில் மேடு ஏறும்போது கார் மூச்சிரைக்கத் தொடங்கியது. எஞ்சினின் தீப்பொறி நேரத்தைப் பார்க்கும் டைமிங் விளக்கில் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. பிரித்துப் பார்த்தபோது கீ பாதி தேய்ந்திருந்தது, காடி வாய் பிளந்திருந்தது. போல்ட்டைக் கழற்ற அதிக பலமே தேவைப்படவில்லை என்றார் மெக்கானிக்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதையே மீண்டும் சரியாகச் செய்துதரக் கேட்க வேண்டும், அது நடக்காவிட்டால் பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். நான் கடிதம் எழுதினேன். டிராக்கில் ஓட்டிய காருக்கு எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. டிராக்கிற்குத் தயார் செய்ய என்று அவர்களே எழுதியிருந்த ஜனவரி மின்னஞ்சலை இணைத்து, நவம்பரில் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்குப் போட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம். 2024 மே மாதத்திலிருந்து, விசாரணைக்கு முன் தொலைபேசி வழியிலான இலவச சமரசப் பேச்சு கட்டாயம். அதில் உடன்பாடு ஏற்படவில்லை. 2025 ஜூனில் விசாரணை நடந்தது. நீதிமன்றத்தின் அனுமதியோடு ஒரு பொறியாளரின் அறிக்கையைக் கொடுத்திருந்தேன். ஆனால் நீதிபதி அதிக நேரம் பார்த்தது, நான் கழற்றாமல் வைத்துப் படம் எடுத்திருந்த அந்த வாஷரின் துருப் படலத்தைத்தான்.

பிரேக், அலைன்மென்ட், சில், ரோல் பார் ஆகியவற்றுக்காக 1,940 பவுண்டும் நீதிமன்றக் கட்டணமும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது, பணமும் வந்துவிட்டது. எஞ்சினுக்காகக் கேட்ட 1,350 பவுண்டு கிடைக்கவில்லை. போல்ட் தளர்ந்திருந்தது என்பதற்குச் சாட்சியாக இருந்திருக்க வேண்டிய போல்ட்டையும் கீயையும் நான் கேட்டு வாங்கி வைக்கவில்லை. அவை மெக்கானிக்கின் பழைய இரும்புக் குவியலோடு போய்விட்டன. கழற்றும்போது படமும் எடுக்கவில்லை. முறுக்கு எவ்வளவு வைத்தார்கள் என்று முதல் பட்டறையின் பில்லில் ஒரு எண்கூட இல்லை.

இப்போது காரில் இருப்பது 1993ஆம் ஆண்டுக் கார் ஒன்றிலிருந்து வாங்கிய எஞ்சின். புல்லியில் எட்டு வெட்டுகள். போல்ட்டை முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கியபோது நான் அருகில் நின்று பார்த்தேன். எண்ணை பில்லில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். இந்த முறை கழற்றிய பாகங்கள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் என் கராஜில் இருக்கின்றன.