வேலியோரக் கார்த்திகைப்பூ: சில மாரிகளின் வளர்ப்பு அனுபவம்

எங்கள் பகுதியில் கிளுவை வேலிகள் மதில்களாக மாறத் தொடங்கியதிலிருந்து, ஒரு காலத்தில் ஒழுங்கைகள் தோறும் தானாகப் படர்ந்து பூத்த கார்த்திகைப்பூவை, அதாவது செங்காந்தளை, தேடிப் பார்க்கவேண்டிய நிலை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண் வளவொன்றில் பல ஆண்டுகளாக இதனை வளர்த்துவரும் அனுபவத்தில் சொல்வதானால், மாரியில் இக்கொடி பெரும்பாலும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வளர்ப்பவரின் கவனம் அதிகம் தேவைப்படுவது, கொடி கண்ணுக்கே தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கும் கோடையில்தான்.

கிழங்கு இரு கிளையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளை மட்டுமே இருப்பதாலும், அது முறிந்துவிட்டால் அக்கிளை பெரும்பாலும் முளைக்காமலே போவதாலும், கிழங்கைக் கிண்டும்போது மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் மண்ணை விலக்குவதே நல்லது. எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில், படுக்கையாக வைத்து மூடவேண்டும். மழைநீர் தேங்கும் தாழ்வான வளவாயின் மண்ணை மேடாக்கி, சிறிது மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்துகொள்ளலாம். பருவம் முடியும்போது பழைய கிழங்கு சுருங்கிப்போக, அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும்.

ஐப்பசி மழையோடு முளை வெளிவரும். இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்வதுதான் இக்கொடியின் தனித்தன்மை. ஆனால் அச்சுருள் மெல்லிய சுள்ளியைத்தான் பிடிக்கும், வேலிக்கு நட்ட பருத்த பூவரசங் கதியாலைச் சுற்ற அதனால் இயலாது. ஆகவே மதிலோரம் நடுபவர்கள் காய்ந்த கிளுவைக் கொப்புகளையோ மெல்லிய கம்பிவலையையோ வைத்துக் கொடுக்கவேண்டும். இதனைச் செய்யாமல் விட்டால் கொடி தரையில் சாய்ந்து, காற்றில் அடிபட்டு முறிந்துவிடும்.

பூவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். பச்சை மொட்டாகத் தலைகீழாகத் தொங்கி, விரியும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக மேல்நோக்கி மடிகின்றன. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, ஓரம் நெளிந்த இதழ்கள் நாள் செல்லச் செல்ல முழுச் செம்மை அடைவதால், ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிலைகளையும் ஒன்றாகக் காணலாம். மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்து நிற்க, சூல்தண்டு அடியிலேயே வளைந்து ஒரு புறமாக நீண்டிருக்கும். இந்த அமைப்பினால் பூ தன் மகரந்தத்தைத் தானே எளிதில் பெறுவதில்லை. விதை வேண்டுவோர் காலையில் மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் தடவிவிடலாம். தமிழ்நாட்டில் வேதாரணியம், மூலனூர்ப் பக்கங்களில் விதைக்காகப் பயிரிடுவோரும் கையால்தான் இதனைச் செய்கிறார்கள். விதையிலிருந்து வளரும் கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அவசரக்காரர்களுக்குக் கிழங்கே ஏற்றது.

பெரிய எதிரி புழுதான். கறுத்த உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட அப்புழுக்கள் கூட்டமாக வந்தால், சில நாள்களில் தண்டு மட்டுமே மிஞ்சும். காலையிலும் மாலையிலும் இலைகளைப் பார்த்து, கையுறையுடன் பொறுக்கி எடுப்பது எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. மருந்தடிக்கும் தேவை வந்ததில்லை.

மாரி ஓய்ந்தபின் கொடி மஞ்சளாகிக் காயும். அதனைப் பார்த்து இரங்கித் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அயலவர்கள் எப்போதும் உண்டு. உறங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். கிணற்றடி நீர் ஓடும் வாய்க்கால், வாழைப் பாத்தி போன்ற இடங்களில் நடக்கூடாது என்பது இதனால்தான். காய்ந்த தண்டை அகற்றியதும் அவ்விடத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வைத்தால், கோடையில் யாரும் தெரியாமல் கொத்திவிடமாட்டார்கள். சாடியில் வளர்ப்போருக்கு இவ்வேலை எளிது: சாடியை மழை படாத தாழ்வாரத்துக்குள் வைத்துவிட்டால் போதும். எனினும் சாடிக் கொடி நிலத்துக் கொடியின் உயரத்தையும் பூச்செறிவையும் எட்டியதில்லை.

கடைசியாக நஞ்சு. கொல்சிசின் எனும் நச்சுப்பொருள் செடியின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. வற்றாளங் கிழங்கென்று (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) எண்ணி இதனை அவித்துண்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், பிழைத்தவர்களுக்கும் பின்னர் முடி கொட்டும். கிண்டி எடுத்த கிழங்கைக் குசினிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தவழும் பிள்ளையோ அவிழ்த்துவிட்ட ஆடோ இருக்கும் வளவுக்கு இக்கொடியை நான் பரிந்துரைக்கமாட்டேன். கிழங்கு கேட்டு வருபவரிடமும் இவ்விரண்டையும் விசாரித்த பின்னரே கொடுக்கிறேன்.