மொலாசஸிலிருந்து லைசின்: கொரைனிபாக்டீரியமா, ஈ.கோலையா?

தானியப் புரதத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்ற அமினோ அமிலமே என்பதால், தவிடும் நொய்யும் மலிந்த காவிரி டெல்டாவிலும் கோழித் தீவனத்தில் அதைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் அருகிலுள்ள குருங்குளம் போன்ற சர்க்கரை ஆலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸைக் கொண்டு அதை இங்கேயே தயாரிக்க நினைப்பவருக்கு முன்னால் இரண்டு பாக்டீரியாக்கள் நிற்கின்றன: 1950களில் ஜப்பானில் கண்டறியப்பட்ட கொரைனிபாக்டீரியம் குளூட்டாமிக்கம், ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஈ.கோலை.

வேகத்தில் ஈ.கோலைக்கே வெற்றி, உகந்த சூழலில் அது 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், மரபணு மாற்றமும் எளிது. ஆனால் அதன் உறையிலுள்ள நச்சுப்பொருளான எண்டோடாக்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கொரைனிபாக்டீரியத்தில் அந்தத் தொல்லை இல்லை.

லைசின் மிகுந்தால் அதுவே தன் உற்பத்தியை நிறுத்திவிடும். அந்தக் கட்டுப்பாட்டின் முதல் வாயிலான அஸ்பார்டோகைனேஸ் நொதி ஈ.கோலையில் மூன்று வடிவங்களில் இருக்க, கொரைனிபாக்டீரியத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாலே தடை தளர்ந்துவிடும். 2011இல் ஜெர்மனியில் 12 மரபணு மாற்றங்களைத் திட்டமிட்டுச் செய்து உருவாக்கிய கொரைனிபாக்டீரியத் திரிபு (உள்வகை), குளுக்கோஸில் வளர்ந்து லிட்டருக்கு 120 கிராம் லைசின் தந்தது.

நமக்கோ முக்கியம் குளுக்கோஸ் அன்று, மொலாசஸில் மிகுந்திருக்கும் கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸ். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் கே-12 வகை ஈ.கோலையால் அதை உண்ண முடியாது. வேறு திரிபிலிருந்து மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொரைனிபாக்டீரியம் இயல்பாகவே உண்ணும் என்றாலும், இங்கே ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. சுக்ரோஸை உடைத்ததும் கிடைக்கும் ஃப்ரக்டோஸை அது வெளியேற்றி, மீண்டும் உள்ளிழுக்கிறது. அப்படி நுழையும் ஃப்ரக்டோஸ், செல்லுக்குள் சர்க்கரை சிதையும் வழிகளில் ஒன்றான பென்டோஸ் பாஸ்பேட் பாதையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. ஒரு லைசின் மூலக்கூறை உருவாக்க, எலக்ட்ரான்களைத் தரும் துணைமூலக்கூறான என்ஏடிபிஎச் நான்கு தேவைப்பட, அவற்றைப் பெருமளவில் தரும் பாதையே இவ்வாறு வறண்டுபோகிறது. ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ் நொதியைப் பெருக்கிச் சர்க்கரையை அந்தப் பாதைக்குத் திருப்பியபோது விளைச்சல் உயர்ந்தது. மொலாசஸை நம்பி இறங்குபவர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுவே என்பது என் கருத்து.

(இதே பாக்டீரியத்தால் இன்னோர் அமினோ அமிலமான குளூட்டாமேட்டைத் தயாரிக்கையில் மொலாசஸிலுள்ள பயோட்டின் என்ற வைட்டமின் இடையூறாகி, பெனிசிலின் சேர்க்கும் நிலைகூட வரும், லைசினுக்கு அது தடையில்லை.)

ஆகவே கரும்பு என்றால் என் தேர்வு கொரைனிபாக்டீரியம். நொய்யின் மாவுச்சத்தை நொதியால் குளுக்கோஸாக்கி ஊட்டுவதென்றால் சுக்ரோஸ் வாதம் விழுந்துவிடும், அப்போது ஈ.கோலையின் வேகத்தையும் கணக்கில் எடுக்கலாம். தேவை லைசின் அல்ல, திரியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம்தான் என்றால், தொழிற்சாலைகள் ஏற்கெனவே நம்பியிருப்பது ஈ.கோலையைத்தான்.