கடலை சேராத பிள்ளைக்கு நம்பி எண்ணெய் ஆட்டலாம்: காங்கேயம் பக்கம் ஒரு செக்கு

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகிற ரோட்டில், கொப்பரை காய்கிற களங்களைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடம் வரும். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சுவரில் 'மரச்செக்கு எண்ணெய், கூலிக்கும் ஆட்டித் தரப்படும்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்துத் தேங்காயை உடைத்துக் காயவைத்து, கொப்பரையை இங்கே கொண்டுவந்து கொடுத்துத்தான் இப்போது வீட்டுக்கு எண்ணெய் ஆட்டிக்கொள்கிறோம். என் பையனுக்கு நிலக்கடலையும் எள்ளும் சேராது. கொங்கு நாட்டுச் சமையலில் இது ரெண்டும் இல்லாத நாள் ஏது? சந்தகைக்கு எள்ளுப்பொடி, இட்லிக்குக் கடலைச் சட்னி, தாளிக்கக் கடலை எண்ணெய். அப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு எண்ணெய்க்கு அலைகிறவர்கள் இந்தச் செக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே மூன்று செக்கு ஓடுகிறது. கடலைக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று, கொப்பரைக்கு ஒன்று. கொப்பரைச் செக்கு மட்டும் தனி அறையில் இருக்கிறது, நடுவில் சுவர். மாட்டிய நாளிலிருந்து அதில் வேறு எதையும் போட்டதில்லை. கடையைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "கடலை ஆட்டின செக்குல தேங்காயைப் போட்டா கடலை வாசம் வந்துருமுங்க அம்மிணி. எங்க மாமனார் காலத்துல இருந்தே தனிதானுங்க" என்றார். அவர்கள் வாசத்துக்காகச் செய்தது என் பையனுக்குப் பெரிய காவலாகிவிட்டது.

செக்கு தனியாக இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் காலையில் கடலை ஓடிய செக்கிலேயே மத்தியானம் கொப்பரை ஓடும். கேட்டால் சுத்தம் செய்துவிட்டோம் என்பார்கள். உரலும் உலக்கையும் மரம், பெரும்பாலும் வாகை. வருஷக்கணக்கில் எண்ணெயும் மாவும் ஊறிய மரம் அது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவ முடியாது. துணியால் துடைத்து, ஒரு பிடி கொப்பரையைப் போட்டு ஓட்டி எடுப்பதைத்தான் சுத்தம் என்கிறார்கள். இடுக்கில் அப்பியிருக்கிற கடலைப் புண்ணாக்கு அடுத்து ஆட்டுகிற எண்ணெயில் கலந்துதான் தீரும்.

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செக்கில் அதுதான் நடந்தது. பையனுக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். "கழுவிட்டுத்தானுங்க ஆட்டினோம்" என்று அடித்துச் சொன்னார்கள். அன்று ராத்திரி அந்த எண்ணெயில் சுட்ட தோசையைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு உதடு தடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, அப்புறம் குரல் கம்மி இருமல். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அடங்கியும்கூட உடனே வீட்டுக்கு விடவில்லை. சில பிள்ளைகளுக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வருமாம்.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, எண்ணெய் எங்கே ஆட்டியது என்பதுதான். ரீஃபைண்ட் கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும், செக்கு எண்ணெயில் தங்கிவிடும், பிள்ளைகளுக்குச் சேராமல் போவது அந்தப் புரதம்தான் என்று விளக்கினார். 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு ரெண்டு வகை எண்ணெயையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரீஃபைண்ட் எண்ணெயில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் 6 பேருக்கு ஒவ்வாமை வந்தது. செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்வேன். கடலை சேராத பிள்ளைக்கு அந்தப் பேச்சே வேறு. அதற்காக ரீஃபைண்ட் கடலை எண்ணெயை நீங்களாகக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது.

சரி, செக்குக்கு வருகிறேன். கொப்பரை அறைக்குள் அக்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த அறைக்கென்று ஒரு தகரப் புனல், ஒரு முறம், உரலில் தள்ளிவிட ஒரு மரக் கரண்டி, மூன்றும் உள்ளேயே ஆணியில் தொங்குகின்றன. புனலின் கழுத்தில் நீலப் பெயிண்ட் பூசியிருக்கிறது. கடலைப் பக்கத்துப் புனலில் அது இல்லை, ஆள் மாறி எடுத்துவிடக் கூடாது என்பதற்கு. வடிகட்டும் வெள்ளைத் துணியை நானே கொண்டுபோனேன், அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். எத்தனையோ இடத்தில் "எங்க கடையில சாப்பிட்டு யாருக்குங்க என்ன ஆச்சு?" என்று சண்டைக்கு வருவார்கள்.

இங்கே கொப்பரையும் அவர்கள் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரையைத் தொடுவதில்லை என்றார். வீசிங் இருக்கிற சில பிள்ளைகளுக்குக் கந்தகப் பொருள் மூச்சை இழுக்கவைக்கும். என் பையனுக்கும் குளிர்காலத்தில் வீசிங் உண்டு என்பதால் இதைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

எண்ணெய் அருமை. பத்துக் கிலோ கொப்பரைக்கு ஆறு லிட்டருக்குக் குறையவில்லை. தாளித்தால் வீடு மணக்கிறது. போன தீபாவளிக்கு இதில்தான் கச்சாயம் சுட்டேன். யார் வீட்டுப் பலகாரம், எந்த எண்ணெய் என்று கேட்காமல் பையன் தட்டில் இருந்து எடுத்துத் தின்றான்.

குறைகளும் இருக்கின்றன, அதை மறைத்தால் இந்த விமர்சனத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. ரெண்டு அறைக்கும் வேலை செய்கிற ஆள் ஒருவரேதான். கடலை மாவு அப்பிய கையோடு கொப்பரைப் பக்கம் வந்ததைப் பார்த்தேன். சொன்னதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார், முகம் கோணவில்லை. வெறும் தண்ணீரிலோ சானிடைசரிலோ கடலைப் புரதம் சரியாகப் போகாது, சோப்பு வேண்டும். அதனால் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை போடும் தராசு எல்லாவற்றுக்கும் பொது. காலிச் சாக்கு கேட்டால் கடலை மூட்டைச் சாக்கைத்தான் தருவார்கள், உங்கள் சாக்கை நீங்களே கொண்டுபோங்கள்.

எனக்கு மனசுக்கு ஒப்பாதது மொட்டைமாடிதான். எண்ணெய் தெளிவதற்காக அண்டாக்களை வெயிலில் வரிசையாக வைக்கிறார்கள். தேங்காய், கடலை, எள் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், மேலே கட்டுகிற துணியும் மாறி மாறி வரும். அதனால் நான் தெளியவிடாமல் கலங்கலாகவே வாங்கி வந்து வீட்டு மாடியில் வைத்துத் தெளியவைக்கிறேன். வேலை கூடுதல்தான். நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

பிள்ளையை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். கடலை வாசம் பட்டதாலேயே பெரிய ஒவ்வாமை வருவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அங்கே தரையெல்லாம் கடலைத் தோல், மாவு. சின்னப் பிள்ளை கையைத் தேய்த்து வாயில் வைத்துவிடும். எங்கே போனாலும் ஊசி மருந்து என் பையில் இருக்கும். பேனா மாதிரியான ரெடிமேட் ஊசி நம் ஊர் மருந்துக் கடையில் லேசில் கிடைப்பதில்லை. டாக்டர் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, அவன் 18 கிலோ எடைக்கு 0.18 மில்லி என்று குறித்து, எனக்கும் அவன் அப்பாவுக்கும் போடப் பழக்கியும் விட்டார். அந்த அளவு எடையைப் பொறுத்தது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள், தேங்காயும் ஒரு கொட்டைதானே, அது மட்டும் எப்படி ஆகும் என்று. நிலக்கடலை பயறு இனம், தேங்காய் அதற்குச் சம்பந்தமில்லாதது. தேங்காய் ஒவ்வாமை இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் குறைவு. என் பையனுக்குப் பரிசோதனை செய்து, சாப்பிட்டும் பார்த்த பிறகுதான் தொடர்ந்தோம்.

போகிறவர்கள் முந்தின நாளே போன் செய்து, காலையில் முதல் ஆட்டு உங்களுடையதாக இருக்கட்டும் என்று சொல்லிவையுங்கள். மார்கழி, தையில் கடலை மூட்டைகள் குவிந்துவிடும், அப்போது வேண்டாம். கூலி மற்ற இடங்களைவிடக் கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் கூட, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. முன்னால் மேஜையில் பாட்டிலில் அடைத்து விற்கிற தேங்காய் எண்ணெயை நான் வாங்குவதில்லை. அது மொட்டைமாடியில் தெளிந்தது. 2020-ல் வந்த நம் நாட்டு லேபிள் விதிகளில், தனியாகச் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் நிலக்கடலை இருக்கிறது, எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் சேர்த்துவிட்டார்கள். சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், 'இங்கே கடலையும் எள்ளும் ஆட்டப்படுகின்றன' என்று பாட்டிலில் ஒரு வரி ஒட்டுங்கள் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "அடுத்த தடவை பிரிண்ட் போடறப்ப சேத்துடறனுங்க" என்றார். மாடியில் கொப்பரை எண்ணெய்க்கு மட்டும் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்தால் பாட்டிலையும் வாங்குவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.