பண்டிகைக் கதை நேரம்: புத்தகமா, துணிப் பலகையா, கைப்பாவையா?

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள வாண்டுகளுக்குப் பண்டிகைக் கதை சொல்ல ஒத்துக்கொண்டவர் முதலில் யோசிப்பது, கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பதைத்தான். படப்புத்தகம், படங்களை ஒட்டி ஒட்டிச் சொல்லும் துணிப் பலகை, கைப்பாவை என்று பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே நல்லவைதான். ஆனால் இந்த வயதுக்கு மூன்றும் சமம் இல்லை.

அதற்கு முன்னால், எந்தக் கதை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பண்டிகை ஏன் வந்தது என்ற பழங்கதையா, பண்டிகையன்று வீட்டில் நடப்பதா? பெரியவர்களுக்குப் பழங்கதை சொல்லத்தான் ஆசை. ஆனால் நேற்று, நாளை என்ற சொற்களையே இரண்டு வயதுப் பிள்ளை இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. அதனிடம் போய் முன்னொரு காலம், அரசன், சாபம், வரம் என்று ஆரம்பித்தால், கதை தொடங்கும் முன்பே அது எழுந்து போய்விடும். விளக்கு எரிவது, கதவு தட்டப்படுவது, யாரோ உள்ளே வருவது, பொட்டலம் பிரிவது எல்லாம் அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிற விஷயங்கள். இந்த வயதுக்குக் கதை என்றால் அவைதான். பழங்கதை நான்கைந்து வயதில் இன்னும் நன்றாகப் போய்ச் சேரும், அவசரப்பட வேண்டாம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். வாய்ப்பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில் வரும். ‘மினுமினுத்தது’, ‘எட்டிப் பார்த்தது’ போன்றவற்றை நாம் அன்றாடம் பிள்ளைகளிடம் அதிகம் சொல்வதில்லை. புத்தகம் சொல்ல வைக்கும். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. சும்மா வாசித்துக்கொண்டே போகாமல், “இது என்ன? என்ன பண்ணுது?” என்று கேட்டு, பிள்ளை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லும்படி பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அது ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் உட்கார்ந்து வாசித்த வாசிப்பு. பத்துப் பன்னிரண்டு வாண்டுகள் எதிரில் இருக்கும்போது அந்த நெருக்கம் கிடைக்காது.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்றால், முன்னால் இருக்கும் பிள்ளை தவழ்ந்து வந்து பக்கத்தின் மேலேயே கையை வைக்கும். பின்னால் இருப்பதற்குப் படம் மறைந்துவிடும். அதுவும் எழுந்து வரும். நீங்கள் புத்தகத்தை உயர்த்திப் பிடிப்பீர்கள், கண் எழுத்துக்குப் போகும், முகம் அட்டைக்குப் பின்னால் போய்விடும். இந்த வயதுப் பிள்ளை கதையைப் பாதி உங்கள் முகத்திலிருந்துதான் படிக்கிறது. புத்தகத்துக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

பண்டிகைப் புத்தகங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மடிப்பைத் திறந்தால் எழுந்து நிற்கும் படம், இழுத்தால் அசையும் அட்டை, அழுத்தினால் பாடும் பொத்தான் என்று ஏராளமாக இருக்கும். கைக்கு வேலை இருந்தால் பிள்ளை கவனிக்கும் என்று தோன்றும். 2010-இல் டரே, சியோங், கானியா, டெலோச் ஆகியோர் நடத்திய ஆய்வில், எழுந்து நிற்கும் படங்கள் உள்ள புத்தகத்தைவிடச் சாதாரணப் படப்புத்தகத்திலிருந்துதான் இருபது மாதப் பிள்ளைகள் புதிய பெயர்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கை மடிப்பில் இருக்கும்போது மனசும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே புத்தகம்தான் வேண்டும் என்றால், பெரிய அளவில், பக்கத்துக்கு ஒரே ஒரு தெளிவான படமும் ஓரிரு வரிகளும் உள்ளதை எடுங்கள். ஜிகினா மினுக்கும் அட்டையைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

அடுத்து துணிப் பலகை. ஃபெல்ட் என்ற தடித்த, சொரசொரப்பான துணி போர்த்திய ஒரு பலகை, அதில் ஒட்டி எடுக்கக்கூடிய துணி உருவங்கள், கதை முழுவதும் உங்கள் வாயில். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு எளிய கதையை எடுத்துக்கொள்வோம். பலகையில் ஒரு வீடு, ஐந்து இருட்டு ஜன்னல்கள். “டொக் டொக், யார் வந்திருக்காங்க?” பாட்டி. பாட்டி உள்ளே வந்ததும் ஒரு ஜன்னலில் மஞ்சள் துணி ஒட்டப்படுகிறது. அப்புறம் மாமா, அடுத்து ஒரு பூனை. ஐந்தாவது ஜன்னலும் மஞ்சளானதும் எல்லோரும் கை தட்டுகிறோம். கதை அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டலுக்கும் பிள்ளைகளே “டொக் டொக்” என்று தரையைத் தட்டுவார்கள். மஞ்சள் துணியைக் கையில் வாங்கிய பிள்ளை முதலில் அதைக் கசக்கிப் பார்க்கும், கன்னத்தில் வைத்துப் பார்க்கும், பிறகு ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒட்டும். ஒட்டட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பலகையில் இருக்கும் குட்டி வீடு நிஜ வீட்டைக் குறிக்கிறது என்பது நமக்குத்தான் வெளிப்படை. ஜூடி டெலோச் 1987-இல் செய்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். ஓர் அறையின் சிறிய மாதிரியில் குட்டிப் பொம்மையை ஒளித்து வைப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். நிஜ அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, தேடு என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. சில மாத இடைவெளியில் அவ்வளவு வித்தியாசம்! அதனால் பலகைக்கு முன் நிஜப் பொருளைக் காட்டுங்கள். ஒரு நிஜப் பேட்டரி விளக்கை எரியவிட்டு அணைத்துக் காட்டி, “இதோ விளக்கு” என்று சொல்லிவிட்டு மஞ்சள் துணியை எடுத்தால் சேர்ந்துவிடும்.

நிஜப் பொருள் என்றதும் பாதுகாப்பு. தீ வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டரி விளக்கில் இருக்கும் ஆபத்துதான் பலருக்குத் தெரிவதில்லை. விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி இருக்கும் இடத்தின் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும், விளக்கும் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளை அமெரிக்க விதிப்படி சோதிக்கும் உருளையின் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அவர்கள் கைக்கு ஆகாது. துணி உருவங்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் இந்தக் கவலை இல்லை. ஊதிய பலூனும் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையை அடைக்கும்.

கைப்பாவையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வரவேற்கவும் வழியனுப்பவும் அதைப் போல ஒன்று கிடையாது. கூச்சப்படும் பிள்ளைகூட பாவைக்குக் கை கொடுக்கும். முழுக் கதையையும் அதன் தலையில் ஏற்றினால் இரண்டு பிள்ளை பாவையைப் பிடுங்க வரும், ஒரு பிள்ளை அழும். முகமூடி, வேஷம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். தெரிந்த முகம் திடீரென்று மாறுவது இந்த வயதில் நிஜமான பயம்.

வாசிப்பதா, வாயால் சொல்வதா என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வும் இருக்கிறது. இஸ்பெல் குழுவினர் 2004-இல் வெளியிட்டது. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் செய்ததால் நம் வாண்டுகளுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் சொல்லக் கேட்டவர்கள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், வாசிக்கக் கேட்டவர்களின் வாக்கியங்கள் வளமாயின என்ற முடிவு யோசிக்க வைக்கிறது. அதனால்தான் புத்தகத்தை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. கூட்டத்தில் பலகை, வீட்டில் மடியில் புத்தகம். கதை முடிந்ததும் அதே கருப்பொருளில் இரண்டு மூன்று புத்தகங்களைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக ஓர் ஒப்பீடு. மூன்று கதையை ஒவ்வொரு முறையா, ஒரு கதையை இரண்டு முறையா? பண்டிகை என்றதும் பலவிதமாகக் கொடுக்கத் தோன்றும். ஹார்ஸ்ட், பார்சன்ஸ், பிரையன் ஆகியோரின் 2011 ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள்தான் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள். ஆகவே ஜன்னல் கதையை முதல் முறை நீங்களே சொல்லிக் காட்டுங்கள். நடுவில் எழுந்து ஆடும் பாட்டு ஒன்று. இரண்டாம் முறை துணிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடியட்டும். இரண்டாம் சுற்றில் மூன்றாவது ஜன்னலோடு பாதிப் பேர் ஓட ஆரம்பித்தால் கதையில் வர வேண்டிய மீதி ஆட்களை ஒரே தட்டலில் வீட்டுக்குள்ளே கூப்பிட்டு, கைதட்டலுக்குப் போய்விடுங்கள்.