வேலூர் கோர்ட்டில் கேஸ் இருப்பவர்களுக்கு: நம்பர் விழாத மனுவை நம்பாதீர்கள்

குடியாத்தத்தில் அப்பா வீடு ஓட்டு வீடு, பின்னால் தறிக்கொட்டகை. கைலி நெய்தே எங்களை வளர்த்தார். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவள் நான் என்பதால் 2019-ல் வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். அவர் போன மறுவருஷம், 2022-ல், அந்தப் பத்திரம் செல்லாது என்று அண்ணன் சத்துவாச்சாரி கோர்ட்டில் கேஸ் போட்டார்.

பிராதை, அதாவது அண்ணன் கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவை, நாலு தரம் படித்தேன். பதினோரு பக்கத்தில் என் மேல் இருந்த குற்றச்சாட்டு ஒரே வரி: தகப்பனாரை ஏமாற்றியும் நிர்ப்பந்தித்தும் எழுதி வாங்கிக்கொண்டாளாம். எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொல்லி ஏமாற்றினேன், யார் பார்த்தது? ஒன்றும் கிடையாது.

வக்கீலிடம் இதைத்தான் கேட்டேன். "கரெக்டா புடிச்சீங்கம்மா. விவரம் கேட்டு ஒரு மனு போட்டா திணறிப்போவாங்க" என்றார். எட்டாயிரம் ரூபாய், குமாஸ்தா நம்பருக்கு ஜிபே. ரசீது கிடையாது. அடுத்த வாய்தாவில் மனுவைக் கண்ணில் காட்டினார். டைப் அடித்து, ஸ்டாம்ப் ஒட்டி, என் கையெழுத்தும் வாங்கினார். மேலே "ஐ.ஏ. நம்பர்" என்று போட்டு ஒரு கோடு. கேஸுக்குள் போடும் இடைமனுவைக் கோர்ட் பதிவு செய்யும்போது கொடுக்கும் நம்பர் அது. கோட்டின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோர்ட் சீலும் இல்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், வாய்தாவுக்கு வாய்தா கிரீன் சர்க்கிளில் இறங்கி வெயிலில் போய் நிற்பேன். "மனு பெண்டிங்மா" என்பார். நடுவில் எழுவினா வனைந்து, அதாவது எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்று கோர்ட் கேள்விகளை வகுத்து, கேஸ் விசாரணைக்கே வந்துவிட்டது.

அண்ணனின் முதல் விசாரணை வாக்குமூலத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. பிராதில் இல்லாத விவரமெல்லாம் அதில் முளைத்திருந்தது. பத்திரம் எழுதுவதற்கு முன் மூன்று நாள் அப்பாவை ஆம்பூரில் என் மாமியார் வீட்டில் அடைத்து வைத்தேனாம். அந்த மூன்று நாளும் அப்பா குடியாத்தம் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்திருந்தார். தினமும் சாயங்காலம் டீ வாங்கி வருவதே அந்தப் பெரியவர்தான். அவர் போன தை மாதம் தவறிவிட்டார். 2022-லேயே அண்ணன் வாயிலிருந்து தேதியும் இடமும் வந்திருந்தால் அவர் எனக்குச் சாட்சியாக நின்றிருப்பார்.

அன்று ராத்திரி என் பையன் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தான். வாய்தா தேதியெல்லாம் வரிசையாக இருந்தது. நான் போட்டதாக ஒரு மனுகூட இல்லை.

கேட்டதற்கு வக்கீல் சொன்ன பதில்: "ஏம்மா, அந்த ரூலையே எடுத்துட்டாங்க, போட்டா தள்ளுபடிதான் ஆவும்." வேடிக்கை என்னவென்றால் அது உண்மை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் கூடுதல் விவரம் கேட்கும் ஆணை 6, விதி 5-ஐ 2002 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டார்கள். அப்படியானால் அந்த எட்டாயிரம் எதற்கு சார் என்றேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

புது வக்கீல் சொல்லித்தான் மற்றது புரிந்தது. விதி 5 போனாலும் விதி 4 அப்படியே இருக்கிறது. மோசடி, தகாத செல்வாக்கு என்று சொல்பவர் தேவைப்பட்டால் தேதியோடு விவரத்தைப் பிராதிலேயே கொடுத்தாக வேண்டும். பொத்தாம் பொதுவாகச் சொன்னால் போதாது என்று 1951-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதிலுரையிலேயே இதை ஆட்சேபணையாக வைத்திருக்கலாம். என் பதிலுரையில் "மறுக்கப்படுகிறது" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்து ஆணை 11. கோர்ட் அனுமதியோடு எதிராளிக்கு எழுத்தில் கேள்விகள் கொடுக்கலாம், அவர் பத்து நாளில் பிரமாணப் பத்திரமாகப் பதில் சொல்ல வேண்டும். கோர்ட் உத்தரவு போட்டும் சொல்லாவிட்டால் கேஸே தள்ளுபடி ஆகும் அளவுக்குப் போகலாம். இதையெல்லாம் விசாரணைக்கு முன்னால் செய்ய வேண்டும். இப்போது போய்க் கேட்டால், குறுக்கு விசாரணையில் கேட்டுக்கொள் என்று சொல்லிவிடுவார்களாம்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். வீண் அலைச்சல். வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருப்பது, வக்கீல்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் சென்னை பார் கவுன்சில். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் அனுப்பியிருக்கிறேன். கேஸ் கட்டைத் தர பழைய வக்கீல் பாக்கி ஃபீஸ் கேட்டார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் தீர்ப்பு இருப்பதைப் புது வக்கீல் போனில் சொன்னார். மறுநாளே குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனு கட்டுக்குள்ளேயே இருந்தது, என் கையெழுத்தோடு.

பிராதில் இல்லாததைச் சாட்சியில் சொன்னால் எடுபடாது என்று புது வக்கீல் ஆட்சேபித்தார். உடனே ஆம்பூர் கதையைப் பிராதில் சேர்க்க அண்ணன் தரப்பு திருத்த மனு போட்டிருக்கிறது. விசாரணை தொடங்கிய பிறகு திருத்துவதானால், முன்பே ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்கு அவர்கள் காரணம் காட்ட வேண்டும். அந்த மனுவுக்கு நம்பர் விழுந்திருக்கிறது, ஆப்பில் நானே பார்த்தேன். எதிருரை தாக்கல் செய்ய அடுத்த மாதம் வாய்தா.