கைக்கு எது, மோட்டாருக்கு எது? அறுவைக் கருவிகளில் ஓர் ஒப்பீடு

வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில், மருத்துவரின் விரல்களுக்கும் திசுவுக்கும் இடையே 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ஒரு குழல் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 5 மி.மீ. துளைவாய் நெம்புகோலின் தாங்குபுள்ளி போல ஆகிவிடுவதால், கையை இடப்பக்கம் நகர்த்தினால் முனை வலப்பக்கம் போகும். தள்ளி இழுக்கலாம், இரு திசைகளில் சாய்க்கலாம், உருட்டலாம். அவ்வளவுதான். மணிக்கட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அதை முனைக்குக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் இன்று போட்டியிடுகின்றன.

முதலாவது, மோட்டாரே இல்லாத இயந்திர வழி. கைப்பிடி வளைந்தால் உள்ளே ஓடும் மெல்லிய கம்பிவடங்கள் முனையையும் வளைக்கும். முன்கையில் பொருத்திக்கொள்ளும் ஃபிளெக்ஸ்டெக்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. மின்கலம் வேண்டாம், திசுவின் எதிர்ப்பும் ஓரளவு கைக்கு வந்துசேரும். ஆனால் வளைவு கூடக்கூட வடங்களின் உராய்வும் கூடும். முனை வளையும்போது, அங்கே திசுவைக் கவ்வும் தாடையை மூடும் வடமும் சற்று இழுபடக்கூடும் என்பதால், வடிவமைப்பாளர் அதைத் தனியாகக் கையாள வேண்டும். வளைத்த முனையோடு ஊசியை உருட்டும்போதுதான் இந்த வகையின் உண்மையான சோதனை வரும்.

இரண்டாவது, எல்லா அசைவையும் மோட்டாரிடம் விடும் ரோபோ. இந்த வகையைச் சேர்ந்த டா வின்சி 2000-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. கை நடுக்கத்தை வடிகட்டும், கையின் பெரிய அசைவை முனையில் சிறிதாக்கும். தையலுக்கு இதைவிட வசதியானது குறைவு. ஆனால் மருத்துவர் நோயாளியிடமிருந்து விலகி உட்கார்ந்திருக்கிறார். திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை நெடுங்காலம் கண்ணால் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. விசையை உணரும் கருவிகள் அந்த வரிசையில் 2024-இல் அனுமதி பெற்ற டா வின்சி 5-இல்தான் வந்தன.

மூன்றாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்: கையில் பிடிக்கும் கலப்புக் கருவி. குழலைச் சாய்ப்பதும் தள்ளுவதும் கையின் வேலை. முனையை வளைப்பதும் சுழற்றுவதும் கைப்பிடிக்குள் இருக்கும் சிறு மோட்டாரின் வேலை. திசுவை அழுத்துகிறோமா, இழுக்கிறோமா என்ற செய்தி குழல் வழியாக நேராகக் கைக்கு வருகிறது. முனை வளைந்த நிலையிலேயே சுழல வேண்டிய சிக்கலான கணக்கை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. வளைந்த ஊசியை அதன் வட்டப்பாதையில் செலுத்த இந்தச் சுழற்சிதான் தேவை. தாடை மூடுவதையும் மோட்டாரிடம் கொடுக்கும் வடிவங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடி எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி. இதற்குக் கொடுக்கும் விலை எடை. மோட்டாரும் மின்கலமும் கைப்பிடியில் சேர்ந்தால், நீண்ட அறுவையில் தோள் அதை உணரும்.

இதே கேள்வி ஸ்டேப்ளரில் இன்னும் கூர்மையாக எழுகிறது. குடலையோ நுரையீரலையோ தாடைக்குள் இறுக்கி, ஊக்குகளை வரிசையாகச் செலுத்தி, நடுவே கத்தியால் வெட்டும் கருவி அது. முழுக்கக் கையால் இயக்கும்போது உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தில் முனை ஆடும். சிறிய கை உடையவர்களுக்கு அது பெரும் பாடு. ஒரு வகையில் தாடையைக் கை மூடுகிறது, ஊக்கையும் கத்தியையும் மோட்டார் செலுத்துகிறது. மற்றொரு வகையில் எல்லாமே மோட்டார். அது தடித்த திசுவை அளந்து தன் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் கைக்காக வாதாடுபவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: உள்ளங்கை உணரும் எதிர்ப்பில் திசுவின் பங்கோடு இணைப்புகளின் உராய்வும் கலந்திருக்கிறது. அப்படியிருந்தும் நான் தாடையைக் கை மூடும் வகையின் பக்கமே நிற்கிறேன். மூடும்போதுதான் மருத்துவர் முடிவெடுக்கிறார்: திறந்து, நகர்த்தி, மறுபடி மூடிப் பார்க்கிறார். செலுத்தும் கட்டத்தில் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அங்கே தேவைப்படுவது பலமும் அசையாமையும்தான், அவை மோட்டாரிடம் இருக்கின்றன.

எலும்பு அறுவையிலும் இப்படியொரு பிரிவினை பழக்கத்தில் இருக்கிறது. துளையிடவும் திருகாணியைப் பெரும்பகுதி ஏற்றவும் மோட்டார், கடைசிச் சுற்றுகளுக்குக் கை. எலும்பில் வெட்டிய புரி சிதைந்துவிடாமல் இருப்பது அந்தச் சில சுற்றுகளைப் பொறுத்தது.

விழித்திரையில் நிலைமை வேறு. நல்ல கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்மையாக நடுங்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மைக்ரான் என்ற கருவி அந்த நடுக்கத்தை அளந்து, தன் முனையை எதிர்த்திசையில் நகர்த்தி அதை நீக்க முயல்கிறது. பிடிப்பதும் செலுத்துவதும் கையிடமே இருக்கின்றன.

எதை வாங்குவது என்று யோசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, மோட்டார் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான். திசுவைக் கவ்விய நிலையில் கருவி செயலிழக்கலாம். அப்போது கத்தியைப் பின்னிழுத்துத் தாடையைத் திறக்கக் கையால் இயக்கும் ஒரு நெம்பு இருந்தாக வேண்டும். மோட்டார் ஸ்டேப்ளர்களில் ஒரு மூடிக்கு அடியில் அது இருக்கும். அதை ஒருமுறை இயக்கினால், அந்தக் கருவியை மீண்டும் பயன்படுத்தவே முடியாதபடி செய்யப்பட்ட மாதிரிகளும் உண்டு. மாற்றுக் கருவி ஒன்று அறையிலேயே தயாராக இருக்கிறதா என்பதையும் அறுவை தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.