பச்சை விளக்குக் காரும் பேட்டரி விலையும்

பேட்டரி மாற்றிய பில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். இதே காரை வாங்கலாமா என்று மச்சான் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இடவசதி, இழுவை, உதிரிபாகம் பற்றியெல்லாம் ஊருக்கே தெரியும். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வழக்கு ஒரே ஒரு வசதியோடுதான்: சமிக்ஞை விளக்கில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிவது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ சாலையில் நடுமதிய வெயிலில் நின்று பாருங்கள். எஞ்சின் அணைந்தால் ஏர்கோன் கம்ப்ரஸரும் நின்றுவிடும். காற்றாடி மட்டும் சுற்றி வெறும் காற்றை ஊதும். கழுத்து வியர்க்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு குலுக்கலோடு எஞ்சின் மறுபடி எழும். அடுத்த விளக்கிலும் இதே கதை. இதற்காகத் தனியாகச் செய்த பேட்டரிதான் போடவேண்டுமாம். விலை கேட்டபோது வியர்வை கழுத்தோடு நிற்கவில்லை.

இருந்தாலும் கணக்கு அதன் பக்கம்தான். சிறிய எஞ்சின்கூட நின்ற இடத்தில் ஏர்கோனோடு ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர். மலேசிய அரசின் மானியப் பெட்ரோல் திட்டமான புடி95 விலையில், லிட்டருக்கு 1.99 ரிங்கிட், அது 2 சென். புகைக்குழாய் வழியே போகும் கரியமில வாயு 23 கிராம்.

பெட்ரோலைவிட வாயு கனமாக இருப்பதை மச்சான் நம்பவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இல்லை, எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. பெட்ரோலில் உள்ள 12 பங்கு கார்பன், காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 பங்காக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் நீராவியாகிவிடும். 36 லிட்டர் டேங்க் தீரும்போது 80 கிலோவுக்கு மேல் விட்டிருப்போம், என் எடையைவிட அதிகம்.

பட்டறையில் ‘கார்பன் கிளீனிங்’ செய்தால் இந்தக் கரியமில வாயு குறையும் என்றார்கள். அது வால்விலும் திராட்டிலிலும் படிந்த கரியைச் சுரண்டும் வேலை. அடைப்பு நீங்கி பெட்ரோல் மிச்சமானால் அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவுதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்பதும் பாதிக் கதை. நச்சான கார்பன் மோனாக்சைடை அது கரியமில வாயுவாக மாற்றித்தான் அனுப்புகிறது. எஞ்சின் எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் கார்பன் போகும் இடம் அதுதான். குடிக்கும் பெட்ரோலைக் குறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. என்னை எரிச்சலூட்டும் இந்த வசதி செய்வதும் சரியாக அதைத்தான்.

ஆனாலும் காரைக் கிளப்பியதும் நான் முதலில் அழுத்துவது அதை நிறுத்தும் பொத்தானைத்தான். அந்த 23 கிராமுக்குப் பொறுப்பு நானே. மச்சான், காரை வாங்குங்கள், நல்ல கார். ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்த வைப்பதால் மூன்று. பேட்டரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இரண்டரை.